கடல் தின்ன மண்ணு எங்க போகுது?

மேப்ல கடற்கரையை ஒரே ஒரு கோடா வரைஞ்சு வச்சிருப்பாங்க, இந்தப் பக்கம் நிலம் அந்தப் பக்கம் தண்ணி, அவ்வளவுதான். அந்தக் கோடு மேல எனக்கு ரொம்ப நாளாவே ஒரு மனத்தாங்கல் உண்டு. ஏன்னா அந்தக் கோடு ஒரு நாள் இருந்த இடத்துல மறுநாள் இருக்குறதில்ல. கடல் கரையை அரிக்குதுன்னு சொன்னா எல்லாரும் தலையாட்டுறோம், ஆனா அரிச்ச மண்ணு எங்க போச்சுன்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி. அந்த ஒரு கேள்வியை மட்டும் விடாம பிடிச்சுக்கிட்டு நடந்தா, செங்குத்துப் பாறை, கடல் நடுவுல ஒத்தையா நிக்குற தூண், நீட்டிக்கிட்டு இருக்குற மணல் திட்டு, காயல், டெல்டா எல்லாமே ஒண்ணோட ஒண்ணு கோத்த கதையா தெரிய ஆரம்பிக்கும். எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது, அதான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்திருக்கேன்.

அலையில இருந்து ஆரம்பிக்கலாம். கரையில வந்து மோதுற அலைக்கு அந்த பலம் காத்துதான் குடுத்தது, அதுவும் பல நேரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எங்கேயோ நடுக்கடல்ல அடிச்ச புயல் காத்து. எவ்ளோ வேகமா அடிச்சது, எவ்ளோ நேரம் அடிச்சது, தடையில்லாம எவ்ளோ தூரம் கடல் மேல ஓடுச்சு, இந்த மூணும்தான் அலையோட சைஸை முடிவு பண்ணும். இதுல கவனிக்க வேண்டிய விஷயம் என்னன்னா ஆழ்கடல்ல தண்ணி பெருசா இடம் மாறி வர்றதில்ல, ஒரே இடத்துல வட்டம் போட்டுட்டு நிக்கும், அந்த சக்தி மட்டும்தான் கடந்து வரும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல இருக்குற தூரத்துல பாதி அளவுக்கு ஆழம் குறைஞ்ச உடனே அலைக்கு அடித்தரை தட்டுப்பட ஆரம்பிச்சிடும். அடிப்பக்கம் வேகம் குறையுது, மேல்பக்கம் உயருது, கடைசில முன்னாடி கவுந்து உடையுது.

இந்த வேகம் குறையுற சமாச்சாரம்தான் கரையோட வடிவத்துக்கே முக்கியமான காரணம். கை கோத்துக்கிட்டு வரிசையா ஓடி வர்றவங்கள்ல ஒரு பக்கம் இருக்குறவங்க மட்டும் சேத்துல கால் வச்சா மொத்த வரிசையும் அந்தப் பக்கம் திரும்பும்ல, அலையும் அதே மாதிரிதான் வளையும். கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற முனைக்கு முன்னாடி ஆழம் சீக்கிரம் குறையும், அதனால அலை ரெண்டு பக்கமும் வளைஞ்சு வந்து முனையையே சுத்தி அடிக்கும். பக்கத்துல உள்வாங்கி இருக்குற குடாவுக்குள்ள அதே சக்தி பரவலாகி மெலிஞ்சு போகும். அதனாலதான் முனைகள்ல மொட்டைப் பாறையா இருக்கு, குடாவுக்குள்ள மணல் படிஞ்சு அமைதியா இருக்கு. சரி, முதல்ல முனையும் குடாவும் எப்படி வந்துச்சு? கெட்டிப் பாறையும் மெதுப் பாறையும் மாறி மாறி கடலைப் பாத்து இருந்தா மெதுவானது சீக்கிரம் கரைஞ்சு குடாவாகும், கெட்டியானது முனையா நிக்கும். இங்கிலாந்தோட டோர்செட் கரையில களிமண் இருந்த இடம் ஸ்வானேஜ் குடாவாகிடுச்சு, அதுக்கு ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் முனை, இன்னொரு பக்கம் வெள்ளை சுண்ணப்பாறை முனை. ஆனா குடாவை வெட்டுன அதே கடல், அது உள்வாங்க உள்வாங்க தன்னோட அடியை முனை பக்கம் திருப்பிடுது. கடல் எப்பவுமே கரையை நேராக்கப் பாக்குது, பாறை விட மாட்டேங்குது. இந்த இழுபறி முடியுறதே இல்ல.

இப்ப பாறையை எப்படி உடைக்குதுன்னு பாருங்க. வெறும் தண்ணியால கருங்கல்லை உடைக்க முடியுமான்னு தோணும். முடியும், அதுக்கு காத்து கூட்டு. பாறை விரிசலுக்குள்ள இருக்குற காத்தை அலை வந்து மூடி அமுக்குது, அலை பின்வாங்கும்போது அந்தக் காத்து சட்டுனு விரியுது, இதையே ராத்திரி பகலா பண்ணா எந்த விரிசலும் அகலமாகிடும். அது போக அலை தூக்கிட்டு வர்ற கல்லும் மணலும் பாறையை உரசி உரசித் தேய்க்கும், உப்பு விரிசலுக்குள்ள காய்ஞ்சு படிகமாகி உள்ளேர்ந்து பிளக்கும், சுண்ணாம்புக்கல்லா இருந்தா கரையவும் செய்யும். அலை மட்டத்துல பாறையோட அடியில ஒரு பள்ளம் விழும், பள்ளம் ஆழமாக ஆழமாக மேல இருக்குற பாறைக்கு ஆதாரம் இல்லாம ஒரு நாள் மொத்தமா சரியும். செங்குத்தா நிக்குற கடலோரப் பாறைச் சுவர், அதான் ஓங்கல், இப்படித்தான் உள்நாட்டுப் பக்கமா நகந்துக்கிட்டே போகுது. அது விட்டுட்டுப் போன அடிப்பாகம் தட்டையான ஒரு பாறை மேடையா வற்றம் வரும்போது, அதாவது கடல் தண்ணி இறங்குற நேரத்துல, வெளிய தெரியும். அந்த மேடை அகலமாகிட்டே போனா அலை அதைக் கடந்து வர்றதுக்குள்ளயே பாதி பலத்தை இழந்துடும், அப்ப அரிப்பும் குறையும். தான் வெட்டுன மேடையே கடலுக்குத் தடையா வந்து நிக்குது, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

முனையில விரிசல் இருக்குற இடத்துல குகை விழும். ஒரு பக்கக் குகை மறுபக்கம் வரைக்கும் குடைஞ்சிடுச்சுன்னா வளைவு. வளைவோட கூரை இடிஞ்சா கடல்ல தனியா ஒரு தூண். பள்ளிக்கூடப் புத்தகத்துல படம் போட்டு நாலு கட்டத்துல முடிச்சிடுவாங்க, அதனால இது ஏதோ கோடி வருஷக் கணக்குன்னு ஒரு நினைப்பு வந்துடும். ஸ்காட்லாந்து பக்கம் ஆர்க்னி தீவுகள்ல ‘ஓல்ட் மேன் ஆஃப் ஹோய்’னு 137 மீட்டர் உயரத்துல ஒரு செம்மணற்கல் தூண் நிக்குது. 18ஆம் நூற்றாண்டு நடுவுல வரைஞ்ச மேப்ல அந்தத் தூணே கிடையாது, அங்க ஒரு முனைதான் இருக்கு. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல வரைஞ்ச படத்துல பாத்தா ரெண்டு காலோட நிக்குது, அதுக்கப்புறம் ஒரு கால் புயல்ல போயிடுச்சு. அதாவது இவ்ளோ பெரிய தூண் சில மனுஷத் தலைமுறைக்குள்ள உருவான ஒண்ணு. ஆஸ்திரேலியாவோட விக்டோரியா கரையில ரெட்டை வளைவா நிலத்தோட ஒட்டி இருந்த ஒரு பாறைப் பாலம், 1990 ஜனவரி 15 அன்னிக்கு நிலத்துப் பக்கத்து வளைவு இடிஞ்சு விழுந்துச்சு. அப்ப அதுக்கு மேல நடந்து போயிருந்த ரெண்டு பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு, ஹெலிகாப்டர் வந்து மீட்டுச்சு. யாருக்கும் அடி இல்ல. அதே கரையில ‘ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ்’ தூண்கள்ல ஒண்ணு 2005 ஜூலையில அப்படியே நொறுங்கி விழுந்துச்சு. மால்டாவோட கோசோ தீவுல இருந்த அசூர் விண்டோங்குற பாறை வளைவு 2017 மார்ச் 8ஆம் தேதி புயல்ல மொத்தமா போச்சு. ஒவ்வொரு தடவையும் ‘இயற்கை அதிசயம் அழிஞ்சிடுச்சு’ன்னு செய்தி வரும். வருத்தப்படுறது புரியுது. ஆனா எந்தக் கை அந்த வளைவைக் குடைஞ்சுதோ அதே கை அதே வேலையைத் தொடர்ந்து பண்ணியிருக்கு, நடுவுல நாம போட்டோ எடுத்துக்கிட்டோம்.

விழுந்த பாறை என்னாகுது? அதுதான் நம்ம கேள்வி. பெரிய துண்டு சின்னதாகும், சின்னது ஒண்ணோட ஒண்ணு மோதி உருண்டையாகும், கூழாங்கல்லாகும், மணலாகும். ஆனா உலகத்துக் கடற்கரை மணல்ல பெரும் பங்கு கடல் உடைச்ச பாறையில இருந்து வந்ததில்ல, ஆறு மலையில இருந்து கொண்டு வந்து கொட்டுனது. இதை மறந்துடாதீங்க, கடைசில திரும்ப வரும். குவார்ட்ஸ்ங்குற கனிமம் ரொம்ப கெட்டி, கரையவும் கரையாது, அதான் இவ்ளோ பயணத்துக்கு அப்புறமும் அது தப்பிச்சு மணலா மிஞ்சுது. எரிமலைக் கரையில கருப்பு மணல் இருக்கும், ஹவாயில ஆலிவின்ங்குற கனிமத்தால பச்சையா ஒரு கடற்கரையே இருக்கு. பவளத்தீவுகள்ல வெள்ளை வெளேர்னு இருக்குற மணல்ல கணிசமான பங்கு கிளிமீன் பவளப்பாறையை அலகால கடிச்சு அரைச்சு வெளிய விட்டது.

கரையில நின்னு பாத்தா இன்னொண்ணும் புலப்படும். கூழாங்கல் கரை எப்பவும் சரிவா இருக்கும், பொடி மணல் கரை தட்டையா இருக்கும். கூழாங்கல் கரையில அலை ஏறுற சத்தத்தைக் கேட்டிருக்கீங்களா, ஏறும்போது கல்லெல்லாம் சேர்ந்து கரகரன்னு உருளும், இறங்கும்போது பாதித் தண்ணி கல்லுக்கு நடுவுலயே உறிஞ்சிப் போயிடும். ஏத்துன கல்லைத் திரும்ப இழுக்க பலம் பத்தாது, அதனால கல்லு மேல மேல அடுக்கி சரிவாகுது. பொடி மணல்ல தண்ணி அவ்ளோ சுலபமா இறங்காது, அப்படியே வழிஞ்சு மணலையும் கூட்டிக்கிட்டு இறங்கிடும். அமைதியான சீசன்ல நீளமான அலைகள் மணலைக் கரைக்கு ஏத்தும், புயல் சீசன்ல அடுத்தடுத்து வர்ற உயரமான அலைகள் அதைப் பறிச்சுட்டுப் போய் கொஞ்சம் தள்ளி கடலுக்குள்ள திட்டா வைக்கும். புயலுக்கு மறுநாள் கரை காணாம போயிடுச்சேன்னு தோணுற பாதி நேரம் மணல் அங்கேயே பக்கத்துல தண்ணிக்கடியிலதான் கிடக்கும், பல மாசம் கழிச்சு ஏறி வந்துடும்.

ஆனா எல்லா மணலும் ஏறி இறங்கி அதே இடத்துல இருக்கப் போறதில்ல. தண்ணி விளிம்புல குத்த வச்சு உக்காந்து, நிறம் தனியா தெரியுற ஒரு கிளிஞ்சல் துண்டை மட்டும் கண்ணால பின்தொடர்ந்து பாருங்க. அலை கரைக்கு நேரா வர்றது அபூர்வம், கொஞ்சம் சாய்ஞ்சுதான் வரும். அந்தச் சாய்வுலயே கிளிஞ்சலையும் தூக்கி மேல போடும். திரும்பும்போது தண்ணி சாய்வு கீய்வு எல்லாம் பாக்காது, பள்ளத்தைப் பாத்து நேரா இறங்கும், கிளிஞ்சலும் நேரா இறங்கும். அடுத்த அலை திரும்ப சாய்வா ஏத்தும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பக்கவாட்டுல நகந்திருக்கும், சீக்கிரமே உங்க கண்ணுக்கு எட்டாத தூரம் போயிடும். அதோட கரையை ஒட்டி ஓடுற நீரோட்டம் கலங்கிக் கிடக்குற மணலை மொத்தமா இழுத்துக்கிட்டுப் போகுது. ஒவ்வொரு மணலும் இப்படிப் போகுதுன்னு யோசிச்சா கரைங்குறது நிலம் மாதிரி கிடக்குற ஆறுன்னுதான் எனக்குத் தோணும்.

இந்த மணல் ஆறு ஓடிக்கிட்டே வந்து கரை திடீர்னு உள்பக்கம் திரும்புற இடத்துல, இல்ல ஒரு ஆத்து முகத்துவாரத்துல, என்ன பண்ணும்? கரை திரும்புனாலும் மணல் நேராவே போகப் பாக்கும், கொஞ்சம் கொஞ்சமா தண்ணிக்குள்ள படிஞ்சு நீளமான மணல் திட்டா நீட்டும். இதுக்கு இங்கிலாந்தோட கிழக்குக் கரையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஹோல்டர்னஸ்னு ஒரு கரை, பனியாறு விட்டுட்டுப் போன களிமண்ணு, பாறையே கிடையாது. சராசரியா வருஷத்துக்கு ஒன்றரை ரெண்டு மீட்டர் கடலுக்குள்ள போயிட்டிருக்கு, ரோமானியர் காலத்துல இருந்து எத்தனையோ ஊரு போயிடுச்சு. அதுல சேறு தூரமா போயிடும், மணலும் கல்லும் கரையோரமாவே தெக்க நகந்து ஹம்பர் ஆத்து வாய்ல ஸ்பர்ன்னு ஒரு அஞ்சு கிலோமீட்டர் மணல் திட்டா நிக்குது. வடக்க வீடு இழந்தவங்களோட நிலம்தான் தெக்க புது நிலம்.

அந்த ஹம்பர் வாய்ல 13ஆம் நூற்றாண்டுல அலை ஒதுக்குன மணலும் கல்லும் சேர்ந்து ஒரு திட்டு வெளிய வந்துச்சு, மக்கள் அது மேல ரேவன்சர் ஆட்னு ஒரு ஊரையே கட்டுனாங்க. கப்பல் வந்துச்சு, சந்தை வந்துச்சு, 1299ல ராஜா சாசனம் குடுத்து நகரமாக்குனாரு. அடுத்த நூற்றாண்டு நடுவுக்குள்ள கடல் அந்தத் திட்டை அரிச்சு ஊரையே முழுங்கிடுச்சு. ஏன்னா திட்டு நிலையா இருக்குற பொருளே இல்ல, மேல இருந்து மணல் வர்ற வரைக்கும்தான் அதுக்கு உயிர், நீளமாக நீளமாக கழுத்து மெலிஞ்சு ஒரு புயல்ல அறுந்துடும். 2013 டிசம்பர்ல புயலோட கடல் பொங்கி வந்தப்ப இப்ப இருக்குற ஸ்பர்னோட கழுத்தும் அரிச்சுப் போய் ரோடு காணாம போச்சு, கடல் தண்ணி ரொம்ப ஏறும்போது இப்ப அது தீவாகிடுது.

இதே திட்டு வளர்ந்து ஒரு தீவைத் தொட்டுடுச்சுன்னா அது தீவையும் நிலத்தையும் இணைக்குற மணல் பாலம். குடாவோட வாயைக் குறுக்கால மூடிடுச்சுன்னா உள்ள அடைபடுற தண்ணி காயல். ஒடிஷாவோட சிலிகா காயல்ல மணல் நகந்து நகந்து வாயை அடைச்சு உப்புத்தன்மை குறைஞ்சு மீன்வளமே படுத்துடுச்சு, 2000ல புதுசா ஒரு முகத்துவாரம் வெட்டி விட்டாங்க. டோர்செட்ல செசில்னு 29 கிலோமீட்டர் நீளத்துக்கு கூழாங்கல்லாலயே ஆன ஒரு கரை இருக்கு, மேற்கு மூலையில பட்டாணி சைஸ்ல ஆரம்பிச்சு கிழக்க போகப் போக கைமுட்டி அளவுக்குப் பெருசாகிட்டே வரும், அலை அவ்ளோ பொறுமையா தரம் பிரிச்சு வச்சிருக்கு.

அமெரிக்காவோட கிழக்குக் கரையில நிலத்துக்கு இணையா வரிசையா நீள நீளமான மணல் தீவுகள் இருக்கு. இந்தத் தீவுகள் நகரும். புயல் வந்தா கடல் பக்கத்து மணலை வாரி தீவுக்கு மேலாகவே கொண்டு போய் காயல் பக்கம் கொட்டும், இப்படியே முன்னாடி தேஞ்சு பின்னாடி வளர்ந்து தீவு மொத்தமும் நிலத்தைப் பாத்து உருண்டு வரும். கேப் ஹாட்டரஸ் கலங்கரை விளக்கத்தை 1870ல கட்டும்போது கடல் கிட்டத்தட்ட 450 மீட்டர் தள்ளி இருந்துச்சு. நூறு வருஷத்துல கடல் வாசலுக்கு வந்துடுச்சு, 1999ல அந்தக் கோபுரத்தை அப்படியே அடியோட தூக்கி தண்டவாளத்துல வச்சு சுமார் 880 மீட்டர் உள்ள நகத்துனாங்க. சுவர் கட்டிக் கடலைத் தடுக்காம கட்டடத்தை நகத்துனாங்க பாருங்க, அது எனக்கு மரியாதையான முடிவாப் படுது.

கரைக்குப் பின்னாடி இருக்குற மணல்மேட்டை யாரும் கண்டுக்குறதில்ல. காஞ்ச மணலைக் காத்து தூக்கிட்டு வரும், ஏதாவது ஒண்ணு தடுத்தா அங்க கொட்டும். வெப்பக் கரைகள்ல முதல்ல தடுக்குறது அடம்புக் கொடி. மணல் மேல ஊர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும், மணல் மூடுனா மூடுன மணலுக்கு மேலயே திரும்பத் தலை நீட்டும், இப்படி மேடு உயர உயர அதுவும் கூடவே உயரும். புயல் வரும்போது கரைக்கு மணல் கடன் குடுக்குறது இந்த மேடுதான், அதைச் சமமாக்கிக் கட்டடம் கட்டிட்டு அப்புறம் கரை போச்சேன்னா எப்படி.

டெல்டாவுக்கு வருவோம். ஆறு கடலைத் தொட்டதும் வேகம் செத்து சுமையை இறக்கி வைக்கும். பொடி களிமண் துகள் நல்ல தண்ணியில தனித்தனியா மிதக்கும், உப்புத் தண்ணி பட்டதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கனமாகி அடியில படியும். அதுக்கப்புறம் யாரு கை ஓங்குதோ அவங்க இஷ்டம். ஆறு ஓங்குனா மிசிசிப்பி மாதிரி பறவைக்கால் விரல் விரலா கடலுக்குள்ள நீட்டும், அலை ஓங்குனா நைல் மாதிரி வெளி விளிம்பு வில்லா வளைஞ்சிருக்கும், ஏற்றவற்றம் ஓங்குனா கங்கை முகத்துவாரம் மாதிரி ஆயிரம் கால்வாயும் அலையாத்திக் காடுமா இருக்கும். மிசிசிப்பி சுமார் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு ஒரு தடவை கடலுக்குப் போற வழியையே மாத்தி வேற இடத்துல புது டெல்டா போடும், பழசு மண்வரத்து இல்லாம அமிழ்ந்து போகும்.

இவ்ளோ நேரம் கடல் மட்டம் அப்படியே நிக்குதுன்னு வச்சுக்கிட்டுப் பேசிட்டேன். நிக்காது. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி பனியுகம் உச்சத்துல இருந்தப்ப கடல் இன்னிக்கு விட ஏறக்குறைய 120 மீட்டர் கீழ இருந்துச்சு. பனி உருகி கடல் ஏறி வந்து சுமார் ஏழாயிரம் வருஷத்துக்கு முன்னாடிதான் கிட்டத்தட்ட இப்ப இருக்குற மட்டத்துக்கு வந்துச்சு. நாம பாக்குற மணல் திட்டு, காயல், டெல்டா பெரும்பாலும் அதுக்கப்புறம் உருவானதுதான். ஏறி வந்த கடல் ஆத்துப் பள்ளத்தாக்கை நிரப்புன இடம் சிட்னி துறைமுகம். பனியாறு குடைஞ்ச பள்ளத்தாக்கை நிரப்புன இடம் நார்வேயோட ஃபியோர்டுகள், அதுல சோங்னேஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல நீளம், சுமார் 1,300 மீட்டர் ஆழம், ஆனா வாசல்ல 200 மீட்டர் கூட ஆழம் இல்ல, ஏன்னா பனியாறு கடலுக்குப் பக்கத்துல மெலிஞ்சு வெட்டுற பலத்தை இழந்துடுச்சு. இன்னொரு பக்கம், பனி உருகி அந்தப் பாரம் நீங்குன நிலம் இன்னும் மெதுவா எழுந்துக்கிட்டு இருக்கு. வெப்பநிலை அளவுக்குப் பேர் குடுத்த செல்சியஸ் 1731ல ஸ்வீடன் கரையில ஒரு பாறையில கடல் மட்டத்தைக் குறிச்சு வச்சாரு, இன்னிக்கு அந்தக் குறி தண்ணிக்கு மேல ரெண்டு மீட்டர் கிட்ட நிக்குது. அந்த நாட்டு ஹோகா குஸ்டன் பகுதியில பழைய கடற்கரைக் கூழாங்கல் 286 மீட்டர் உயரத்துல மலை மேல கிடக்கு. இதெல்லாம் மெதுவா நடக்குறது. 2004 டிசம்பர் 26 பூகம்பத்துல அந்தமானோட வடக்குப் பக்கம் பவளப்பாறையே தண்ணிக்கு மேல வந்துடுச்சு, நிக்கோபார் தெற்கு முனையில இந்திரா பாயின்ட் நாலு மீட்டருக்கும் மேல அமிழ்ந்து போச்சு, எல்லாம் சில நிமிஷத்துல.

நிலம் அமிழ்ற கணக்கைப் பாறையைத் தொடாமலே யோசிச்சு சொன்னவர் டார்வின். எரிமலைத் தீவைச் சுத்தி பவளம் வளருது, தீவு மெதுவா அமிழுது, பவளத்துக்கு வெளிச்சம் வேணும்ங்குறதால அது மேல மேல வளர்ந்துக்கிட்டே இருக்கு, கடைசில தீவு மறைஞ்சு நடுவுல காயலோட ஒரு பவள வளையம் மட்டும் மிஞ்சுதுன்னு 1842ல எழுதுனாரு. 1952ல பசிபிக்ல எனிவெடாக் வளையத்துல துளை போட்டாங்க. 1,200 மீட்டருக்கும் மேல பவளச் சுண்ணாம்பாவே போய், அடியில எரிமலைப் பாறை தட்டுப்பட்டுச்சு. ஆழத்துல வாழவே முடியாத உயிர் அவ்ளோ ஆழம் வரைக்கும் கிடக்குதுன்னா தரை இறங்கித்தான் இருக்கணும்.

இனி நம்ம பங்கு. கரையில நகந்து போற மணலுக்குக் குறுக்க, கடலுக்குள்ள நீட்டுற கல்சுவரான தூண்டில் வளைவோ துறைமுகச் சுவரோ கட்டுனா, மணல் வர்ற பக்கம் அகலமான கரை சேரும், மறுபக்கம் கரை மணல் வராம பட்டினி கிடந்து அரிக்கும். எந்த ஊர் மேப்பையும் சாட்டிலைட் படத்துல திறந்து பாருங்க, சுவரோட எந்தப் பக்கம் மணல் குவிஞ்சிருக்கோ அந்தத் திசையில இருந்துதான் மணல் வருதுன்னு நிமிஷத்துல சொல்லிடலாம். அரிக்குற பக்கம் இன்னொரு சுவர் கட்டுவாங்க, பிரச்சினை அதுக்கடுத்த கரைக்குப் போகும். ஆத்துல அணை கட்டுனா இன்னும் பெரிய வெட்டு, ஏன்னா முன்ன சொன்ன மாதிரி மணலோட பெரும் பங்கு ஆத்து வழியாத்தான் வரணும். அஸ்வான் பெரிய அணை 1970ல முடிஞ்சதும் வண்டல் நீர்த்தேக்கத்துலயே நின்னுடுச்சு, நைல் டெல்டாவோட ரொசெட்டா முனை வேகமா பின்வாங்குச்சு. கடலோட குணம் மாறல, வரவுதான் நின்னு போச்சு. இதைப் புரிஞ்சுக்கிட்டு நெதர்லாந்துல 2011ல ஒரு வேலை பண்ணாங்க. ஹேக் நகரத்துக்குத் தெக்க கடலோரமா 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலைக் கொக்கி மாதிரி ஒரே இடத்துல கொட்டி, அலையும் காத்தும் நீரோட்டமும் அவங்க வேலையைப் பாத்துக்கட்டும்னு விட்டுட்டாங்க. கொக்கி வருஷா வருஷம் தேஞ்சு தட்டையாகுது, ரெண்டு பக்கமும் கரை அகலமாகுது, உள்பக்கம் மணல்மேடு எழும்புது.